டேக்வாண்டோ சாமான்: புதுச்சேரிக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கடலூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்து வாங்கிப் போகும் கடை இது. நேரு வீதியை ஒட்டிய சந்தில், கிரிக்கெட் பேட்டுகளுக்குப் பின்னால் டேக்வாண்டோ என்ற கொரிய உதைச் சண்டைக் கலைக்கென்று ஒரு ரேக் முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள். மாவட்டப் போட்டி வரைக்கும் கவலையில்லாமல் வாங்கலாம். வெளிநாட்டுப் போட்டிக்குத் தயாராகும் பெண் பிள்ளை என்றால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கீழ்க்காலின் முன்பக்கத்தைக் காக்கும் ஷின் கார்டு நன்றாக இருக்கிறது, போட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். மேல் விளிம்பு முட்டிக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். காலை மடக்கித் தூக்கிப் பாருங்கள். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று ஒரு சைஸ் கூட்டி எடுத்தால் நாலு உதைக்குள் திரும்பி ஆடுசதைப் பக்கம் போய்விடும். டோபோக் எனும் சீருடைக்கு உள்ளே போடுவது என்பதால், ஆட்டத்தின் நடுவே இழுத்துச் சரிசெய்யவும் வழியில்லை.

கவட்டைப் பகுதியைக் காக்கும் குரோயின் கார்டில்தான் கடை சறுக்குகிறது. ஆண்களுக்கான கப்பையே ‘ஸ்மால் சைஸ்’ என்று நீட்டுகிறார்கள். பெண்களுக்கானதில் குழிந்த கப் கிடையாது; தட்டையாக அடிவயிற்றோடு படியும். ஆண்களுக்கானதைப் போட்டால் உள்தொடை உரசிப் புண்ணாகும், காலை உயர்த்தும்போது இடிக்கும். தலையில் உதைத்தால் 3 பாயிண்ட், சுழன்று தலையில் உதைத்தால் அதைவிடக் கூடுதல். வலிக்கிற பிள்ளை முதலில் கைவிடுவது அந்த உதையைத்தான். அழுத்திக் கேட்டால் பெண்களுக்கானதை வரவழைத்துத் தருகிறார்கள், ஒரு வாரம் ஆகும்.

பல்லைக் காக்கும் மவுத் கார்டில் சிவப்பு, நீலம், புலிப்பல் படம் போட்டது எல்லாம் தொங்குகிறது. உலக டேக்வாண்டோ அமைப்பின் விதிப்படி வெள்ளை அல்லது நிறமில்லாதது மட்டும்தான் செல்லும்.

அடுத்து, உதை பட்டதை மெஷினுக்குக் காட்டிக்கொடுக்கும் சென்சார் சாக்ஸ். பெரிய போட்டிகளில் எலக்ட்ரானிக் ஹோகுவும் (மார்புக் கவசம்) ஹெட் கார்டும் நடத்துகிறவர்களே தருவார்கள். சாக்ஸ் பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாங்குமுன் அந்தப் போட்டியில் எந்தக் கம்பெனி ஹோகு, டேடோவா, கேபிஎன்பியா என்று அறிவிப்பில் பாருங்கள். ஒன்றின் சாக்ஸ் மற்றதன் ஹோகுவில் பாயிண்ட் தராது. கடையில் இதைக் கேட்காமலே பில் போடுகிறார்கள். சைஸ் தொளதொளவென்று இருந்தால் சென்சார் இருக்கிற இடம் புறங்காலிலிருந்து நழுவிவிடும். உதை சரியாக விழுந்தும் ஸ்கோர் பலகையில் எண் ஏறாது. துவைப்பது கையால், பச்சைத் தண்ணீரில். முறுக்கிப் பிழியக் கூடாது.

கடையில் இருக்கும் எடை மெஷினை வாங்காதீர்கள். முள் ஓடுகிற வகை, அரைக் கிலோ முன்பின் காட்டுகிறது. 49 கிலோ பிரிவு என்றால் 49.0 வரை சரி, 49.1 வந்தால் அவுட். 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷின்தான் உதவும். எடையைப் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு தாய்லாந்தின் பானிபாக் வோங்பட்டனகிட்டைப் பாருங்கள்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் தங்கம், மூன்றும் 49 கிலோவில். உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு 8 எடைப் பிரிவு உண்டு, ஒலிம்பிக்கில் 4தான். 53 கிலோவில் ஆடும் பிள்ளை ஒலிம்பிக் கனவு கண்டால் 49க்கு இறங்க வேண்டும் அல்லது 57க்கு ஏற வேண்டும்.

பயிற்சிக்கு, ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக உள்ள உள்ளூர் ஹோகுவே போதும். தையலை மட்டும் தோள்பட்டை வளைவில் இழுத்துப் பாருங்கள், பிரிவது அங்கேதான். நம்மூர்க் கடற்காற்றில் வியர்வையோடு பைக்குள் போட்டு வைத்தால் சில நாளிலேயே உள்பக்கம் கறுப்புப் புள்ளி பூத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில், ஃபேனுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் மேல்தோல் வெடித்து உரியும். அப்படி உரிந்ததைக் கடையில் மாற்றித் தர மாட்டார்கள்.