திருகு இல்லாத கார் ஸ்டீரியோ
பழைய காரில் பொருத்திய ஒன்பது அங்குலத் தொடுதிரை ஸ்டீரியோவின் ஒலித்தரத்தைக் குறை சொல்வதற்கில்லை. முன், பின் ஒலிபெருக்கிகளுக்கிடையே ஒலியைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கமாகச் சற்று நகர்த்தி, தாழ்ந்த ஒலியான பேஸை இரண்டு படி குறைத்தால், கதவு அதிராமல் பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால், ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் சுழற்றும் திருகு வைக்காமல் திரையின் ஓரத்தில் தொடுகுறிகளை மட்டும் தந்திருப்பதால், மேடுபள்ளமான சாலையில் விரல் வேறெங்கோ பட்டு, 101.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் சென்னை எஃப்.எம். ரெயின்போ மறைந்து, அமைப்புகள் பக்கம் திறந்துகொள்கிறது. இதை வடிவமைத்தவர் கார் ஓட்டுபவர்தானா என்ற ஐயம் எழாமல் இல்லை. நிலையத்தைச் சேமிப்பது எளிது. நகரைத் தாண்டியதும் பண்பலையில் இரைச்சல் கூடும்போது இருபுறமும் ஒரே ஒலியைத் தரும் மோனோவுக்கு மாற்றினால் அது தணியும் என்றாலும், அந்த வசதி மூன்று பட்டியல்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஸ்டீயரிங்கிலேயே ஒலிப் பொத்தான்கள் உள்ள காருக்கு இதை வாங்கலாம். மற்றவர்கள் திருகுள்ள மாதிரியையே கேட்டு வாங்குவது நல்லது.