நண்டு ஆர்டரும் குப்பை மெயிலும்: தண்டர்பேர்ட் வடிப்பானைப் பல சீசன் பயன்படுத்தியதில் தெரிந்தவை

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் நண்டும் கணவாயும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கு வரும் மெயிலில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையான வியாபாரி விலை கேட்பதும், மோசடிக்காரன் விலை கேட்பதும் ஒரே ஆங்கிலத்தில்தான் இருக்கும்: அர்ஜென்ட், இன்வாய்ஸ், கன்டெய்னர், பேமென்ட். 'இந்தச் சொல் இருந்தால் தள்ளிவிடு' என்று விதி போட்டால் ஆர்டரும் சேர்ந்தே போகும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் உள்ள, பழக்கினால் கற்றுக்கொள்ளும் வடிப்பான் இங்கே எடுபடுவது அதனால்தான்.

ஒவ்வொரு சொல்லும் நல்ல மெயிலில் எத்தனை முறை வந்தது, குப்பையில் எத்தனை முறை வந்தது என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. புதிய மெயில் குப்பையாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 90ஐ எட்டினால் ஒதுக்கிவிடும். தண்டர்பேர்டின் கணக்கு அமைப்புகளில் ஜங்க் (குப்பை) பகுதிக்குப் போய் இதை இயக்க வேண்டும். சில பதிப்புகளில் ஸ்பாம் என்று பெயர் இருக்கும். குப்பைக்கு ஜே விசை, நல்லதற்கு ஷிஃப்டுடன் ஜே.

பெரும்பாலோர் தவறுவது இந்த இரண்டாவது விசையில்தான். இன்பாக்ஸில் சும்மா கிடக்கும் மெயிலை அது நல்லதென்று எண்ணிக்கொள்ளாது. நாம் சொன்னால்தான் கற்கும். குப்பையை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் 'கன்டெய்னர்' என்ற சொல் குப்பைப் பக்கம் மட்டுமே ஏறும். தொடக்கத்திலேயே பழைய ஆர்டர், ஷிப்பிங் ஏஜென்ட், வங்கி மெயில்களில் இருநூறைத் தேர்ந்து நல்லதென்று குறியுங்கள். குப்பையும் ஏறக்குறைய அதே அளவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் கவனம் தேவை. ஆர்டர் மெயில் குறையும், குப்பை குறையாது. இரண்டு மாதம் ஜே மட்டும் அழுத்திவிட்டு ஜூன் நடுவில் பார்த்தால், புது வியாபாரியின் முதல் விசாரிப்பு குப்பைக்குள் கிடக்கும். சீசன் திறந்த முதல் இரண்டு வாரம் தினமும் ஒதுக்கப்பட்டதைப் பார்த்து மீட்டெடுங்கள். அதுவரை குப்பையைத் தானாக அழிக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

முகவரிப் புத்தகத்தில் உள்ளவர் அனுப்பினால் குப்பையாக்காதே என்ற தேர்வு நல்லது. ஆனால் உங்கள் சொந்த முகவரி அதில் இருக்கக்கூடாது. உங்கள் பெயரிலேயே அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டு வருவதெல்லாம் தடையின்றி நுழையும். நாம் பதில் போட்டவர்களையெல்லாம் தானாகச் சேர்க்கும் புத்தகத்தையும் இந்தத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாப் (POP) என்ற முறையில் மெயிலைக் கணினிக்கு இறக்குவோருக்கு ஒன்று. அந்த முறையில் இன்பாக்ஸ் மட்டுமே இறங்கும். மெயில் சேவை தன் பங்குக்கு ஸ்பாம் பெட்டியில் போட்டது உங்கள் கணினிக்கு வரவே வராது, வடிப்பானை எவ்வளவு பழக்கினாலும். மெயில் சேவையில் உள்ள பெட்டிகளை அப்படியே காட்டும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறினால் அந்தப் பெட்டியும் கண்ணில் படும்.

படத்தை மட்டும் ஒட்டி அனுப்பும் குப்பையில் எண்ணுவதற்குச் சொல் குறைவு. அதில் இது தடுமாறும். அதைவிட ஆபத்து, பழைய வியாபாரியின் நடையிலேயே, ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் மெயில். சொற்களெல்லாம் நல்ல பக்கமே இருப்பதால் வடிப்பான் அதை விட்டுவிடும். ஏற்கெனவே கைவசம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

கற்றதெல்லாம், தண்டர்பேர்ட் உங்கள் மெயிலையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரில் 'டிரெய்னிங்.டாட்' (training.dat) என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. அந்த புரொஃபைலில் உள்ள எல்லாக் கணக்குக்கும் அது பொது. லாட்ஜ் புக்கிங் கணக்கும் நண்டுக் கணக்கும் ஒன்றாக இருந்தால் பாடமும் கலக்கும், தனித்தனி புரொஃபைல் நல்லது. மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு இந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். உப்புக்காற்றில் கணினி போனாலும் புதியதில் அதே இடத்தில் ஒட்டினால் பழைய பழக்கம் அப்படியே வந்துவிடும்.