ஒரே ஒரு பெல்ட் துப்பாக்கி என்றால்: எம்249எஸ்ஸா, பழைய பிரௌனிங்கா?

அமெரிக்காவில் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். ரைஃபிளும் பிஸ்டலும் பெட்டகத்தை நிறைத்த பிறகு, பெல்ட்டில் தோட்டா வரிசையாக உள்ளே போகிற ஒன்று வேண்டும் என்று மனசு கேட்கும். எனக்கும் கேட்டது. இரண்டு வருடம் யோசித்தேன், நண்பர்களுடையதைச் சுட்டுப் பார்த்தேன். கடைசியில் போட்டி இரண்டுக்கு இடையே: இன்றைய ராணுவ எம்249-இன் செமி-ஆட்டோ வடிவமான எம்249எஸ், பழைய ராணுவ இயந்திரத் துப்பாக்கியான பிரௌனிங் எம்1919ஏ4-இன் செமி-ஆட்டோ வடிவம். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் செமி-ஆட்டோ பிரௌனிங் என்பதுதான் என் முடிவு.

முதலில், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் நிஜ இயந்திரத் துப்பாக்கியைப் பார்ப்போம். மத்திய அரசின் 1934 துப்பாக்கிச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். கைரேகை, புகைப்படம் கொடுத்து, 200 டாலர் வரி கட்டி, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். சைலன்சருக்கு 2026 ஜனவரி முதல் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது, இயந்திரத் துப்பாக்கிக்கோ அப்படியே நிற்கிறது. ஆனால் இங்கே வரி ஒரு பொருட்டே இல்லை. 1986-ல் வந்த இன்னொரு சட்டப்படி, அந்த ஆண்டு மே 19-க்குப் பிறகு பதிவானதைத் தனிநபர் வாங்க முடியாது. அதனால் சந்தையில் இருப்பது குறையுமே தவிர அதிகமாகாது. ஒரு நல்ல புதுக் காரின் விலை கேட்கிறார்கள். பிரௌனிங்கில் சட்டப்படி துப்பாக்கி என்பது அதன் வலப் பக்கத் தகடுதான். பதிவான அந்தத் தகடு வீணாகிவிட்டால் புதிதாக ஒன்று செய்து போட வழியில்லை. அவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு, சுடும்போதெல்லாம் பதறிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. (அந்த 1986 சட்டம்தான் பாதி அளவு பிரௌனிங்குகளைச் செய்துகொண்டிருந்த டிப்மன் நிறுவனத்தை, சாய உருண்டை சுடும் பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கித் தொழிலுக்குத் திருப்பியது. அந்தக் குட்டித் துப்பாக்கியும் இப்போது எட்டாத விலைதான்.)

சரி, செமி-ஆட்டோவுக்கு வருவோம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டு. மத்திய சட்டத்துக்கு இது சாதாரண ரைஃபிள் மாதிரிதான்: கடையில் படிவம், பின்னணிச் சோதனை, அவ்வளவே. கலிபோர்னியா மாதிரி 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை உள்ள மாநிலங்களில் பெல்ட்டுக்கே இடமில்லை. மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இங்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோட்டாவைக் குழலின் அறைக்குள் தள்ளி அடைக்கும் பாகம்தான் போல்ட். விசையை அழுத்தும்வரை அது பின்னால் நின்றால் திறந்த போல்ட், முன்பே அறையை மூடி நின்றால் மூடிய போல்ட். எளிதில் முழுத் தானியங்கியாக மாற்றிவிடலாம் என்பதால், திறந்த போல்ட்டில் சுடும் செமி-ஆட்டோக்களை 1982-ல் மத்திய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏடிஎஃப் இயந்திரத் துப்பாக்கி என்றே வகைப்படுத்தியது. ராணுவத்தின் எம்249 திறந்த போல்ட் துப்பாக்கி. அதனால் எஃப்என் நிறுவனம் எம்249எஸ்ஸை மூடிய போல்ட்டில் சுடும்படி உள்ளே மாற்ற வேண்டியிருந்தது. பிரௌனிங் போர்க்களத்திலேயே மூடிய போல்ட்டில் சுட்டது. ஆக, செமி-ஆட்டோ ஆகும்போது இரண்டில் குறைவாக இழப்பது பிரௌனிங்தான்.

இதற்காக எம்249எஸ்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேல் மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தட்டில் வைத்து, மூடி, கைப்பிடியை இழுத்தால் தயார். சுமார் எட்டு கிலோ. ஒரே ஆள் தூக்கிப் போகலாம். 5.56 தோட்டா எங்கும் கிடைக்கும், பெல்ட் தீர்ந்தால் ஏஆர்-15 ரைஃபிளின் (சுருக்கமாக ஏஆர்) மேகசினும் செருகலாம். குழலை நொடிகளில் மாற்றலாம். ஆனால் விலை பத்தாயிரம் டாலர் அளவில். அதைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் வைத்து ஒவ்வொரு குண்டாகச் சுடும்போது, கனமான ஒரு ஏஆரைச் சுடுவது போலத்தான் எனக்கு இருந்தது.

பிரௌனிங் அப்படியில்லை. துப்பாக்கி மட்டுமே 14 கிலோ, எம்2 முக்காலி இன்னொரு ஆறரை. 250 தோட்டாக்கள் கொண்ட துணி பெல்ட்டின் பித்தளை நுனியை இடப்பக்கம் நுழைத்து, வலப்பக்கம் பிடித்து இழுத்து, கைப்பிடியை இரண்டு முறை பின்னுக்கு இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் தோட்டா பிடிபடும், இரண்டாவதில் அறைக்குள் போகும். எம்249 தோட்டாவை, பெல்ட்டாகக் கோத்திருக்கும் உலோக லிங்கிலிருந்து முன்னே தள்ளும். பிரௌனிங் பெல்ட்டிலிருந்து பின்பக்கமாக உருவி எடுக்கும். பெல்ட்டின் துணி மடிப்புகளில் தோட்டா வைக்க முடிவதே அதனால்தான். ஒவ்வொரு வெடிக்கும் குழலே பின்வாங்கித் திரும்புவது முக்காலி வழியாகக் கைக்குத் தெரியும்.

தொல்லையும் உண்டு. ஹெட்ஸ்பேஸை, அதாவது அறையில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை, நீங்களே வைக்க வேண்டும்: குழலை கிளிக் கிளிக்காகத் திருகி, கேஜ் என்ற அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தப்பானால் தோட்டா உறை உள்ளேயே கிழிந்துவிடும். புதுத் துணி பெல்ட் இறுக்கமாக இருக்கும். ஒரு தோட்டா கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டிருந்தாலும் சிக்கும். பிரௌனிங்கின் 30-06 தோட்டா ஒன்று ஒரு டாலரைத் தொடுவதால், ஒரு பெல்ட் தீர்ந்தால் 250 டாலர் போச்சு. 7.62 நேட்டோவுக்கு மாற்றியது கிடைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் துப்பாக்கி விலையே பெரும்பாலும் எம்249எஸ்ஸில் பாதிக்கும் குறைவு. அந்த மிச்சத்தில் எத்தனை பெல்ட் சுடலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மற்றவை? ஜெர்மானிய எம்ஜி42-இன் செமி-ஆட்டோ வடிவம் அழகுதான், ஆனால் நிமிடத்துக்கு 1200 குண்டு என்ற அந்த வேகத்தை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது குறைவு. ஃபைட்லைட் எம்சிஆர் என்பது பெல்ட்டில் சுடும் மேல்பகுதி; கையிலிருக்கும் ஏஆர் கீழ்ப்பகுதியிலேயே பொருந்தும். இடம் குறைவானவர்களுக்கு ஏற்றது.

பிரௌனிங் வாங்கப் போனால் பக்கத் தகடுகளின் ரிவெட்டுகளை விளக்கு வைத்துப் பாருங்கள். பழைய உதிரிகளை வைத்துக் கட்டியவைதான் அதிகம். கட்டியவரின் கைத்திறனைப் பொறுத்துத் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். விற்பவர் முன்னிலையிலேயே ஹெட்ஸ்பேஸைச் சரிபாருங்கள். அதோடு கைப்பிடி சுற்றும் பெல்ட் லோடர் ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 250 தோட்டாவையும் கட்டைவிரலால் தள்ளி ஏற்றிய அன்று இரவு, எனக்குச் சாப்பாட்டைப் பிசையக்கூட முடியவில்லை.