16 டெராபைட் பெட்டிக்குள் ஓர் இரும்புத் தகடு

ஆடித் தள்ளுபடியில் 1,899 ரூபாய்க்கு ‘16 டெராபைட் எஸ்.எஸ்.டி.’ என்று ஒரு கையடக்கப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ். ஒரு டெராபைட் என்பது ஏறக்குறைய ஆயிரம் ஜிபி. விலையைப் பார்த்தபோதே உறைத்திருக்க வேண்டும். நல்ல கடையில் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்பார்கள். ஆனால் நாலரை நட்சத்திரம், நூற்றுக்கணக்கில் பாராட்டுகள். ஏமாந்த பிறகுதான் அவற்றை நிதானமாகப் படித்தேன். ‘சொன்ன நாளில் வந்தது’, ‘பார்க்க அழகாக இருக்கிறது’, ‘தம்பிக்குப் பரிசளித்தேன்’. ஒருவர்கூட அதை நிரப்பிப் பார்த்ததாக எழுதவில்லை.

மடிக்கணினியில் 430 ஜிபி சேர்ந்திருந்தது. அப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் அவர் பாடிய 41 கேசட்டுகளை ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து கணினிக்கு மாற்றியிருந்தேன். அதுபோக எங்கள் கல்யாணப் படங்கள், மகளை மூன்று வயது வரை எடுத்த படங்கள், காணொளிகள். இரவு முழுவதும் நகல் ஓடியது. காலையில் பெட்டியைக் கழற்றாமலே திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்புறைகளும் பெயரோடும் அளவோடும் இருந்தன. முதல் கோப்புறையில் இரண்டு ஒலிக்கோப்புகளைத் தட்டினேன். அப்பாவின் குரல் கேட்டது. அந்த நிம்மதியில் மடிக்கணினியில் இருந்தவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மகளின் பிறந்தநாளுக்குப் பழைய படம் தேடியபோதுதான் தெரிந்தது. ‘பாப்பா’ என்ற கோப்புறை இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ‘கல்யாணம்’ கோப்புறையில் எல்லாப் பெயர்களும் இருந்தன. 412 படங்கள் வரை திறந்தன. 413வது படத்தில் பந்தலும் வாழைமரமும் தெரிந்தன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு எதுவும் திறக்கவில்லை. அப்பாவின் பாட்டுகள் மட்டும் முழுதாக இருந்தன. கோப்புகள் அகர வரிசையில் நகலாகியிருந்தன. ‘அ’வில் தொடங்கியதால் அப்பா பிழைத்தார்.

வண்ணார்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அதைக் கையில் வாங்கியதும் காதருகே வைத்து ஆட்டினார். “சார், திறக்கட்டுமா?” என்று கேட்டு நகத்தாலேயே மூடியைப் பிரித்தார். உள்ளே பசையில் ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை, 64 ஜிபி. எடை தெரிவதற்காக ஓர் இரும்புத் தகடு. அவ்வளவுதான். கணினி கேட்டால் ‘16 டெராபைட்’ என்று பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் நிரலைத் திருத்தியிருக்கிறார்கள். 64 ஜிபி நிரம்பிய பிறகு வருவதை எங்கும் எழுதாமல், ‘எழுதியாயிற்று’ என்று மட்டும் பதில் சொல்லும். அன்று காலை நான் பார்த்த பட்டியல் கணினியின் நினைவகத்தில் இருந்தது, பெட்டியில் இருந்ததல்ல. ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. டிரைவ் செய்யும் கம்பெனிகள் கொள்ளளவை ஆயிரத்தால் கணக்கிடும். விண்டோஸ் 1,024ஆல் கணக்கிடும். அதனால் உண்மையான 1 டெராபைட் டிரைவ் 931 ஜிபி என்றும், 16 டெராபைட் ஏறக்குறைய 14.5 என்றும்தான் தெரியும். என் பெட்டி 15.6 காட்டியது. அதைப் பார்த்து மகிழ்ந்தவன் நான்.

மடிக்கணினியிலிருந்து மீட்க முடியாதா என்று கேட்டேன். அதில் இருப்பது நிஜ எஸ்.எஸ்.டி. அழித்த கோப்புகளின் இடத்தை அது ‘ட்ரிம்’ என்ற ஏற்பாட்டால் தானே துடைத்துவிடுகிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்திருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும் என்றார் தம்பி. என்னிடம் பணம் வாங்கவில்லை. அக்காவின் கைப்பேசியில், நான் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 212 படங்கள் சுருங்கிய வடிவில் கிடைத்தன. பாப்பாவின் முதல் மூன்று வருடம் இப்போது அவ்வளவுதான்.

எந்த டிரைவையும் பென்டிரைவையும் வாங்கிய அன்றே, வெறுமையாக இருக்கும்போதே, முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். அதற்கான மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். நான் இப்போது கடையில் பில்லோடு வாங்கிய இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை அப்படிச் சோதித்து வைத்திருக்கிறேன். ஒன்று பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறது. கூகுள் டிரைவிலும் கொஞ்சம் போட்டிருக்கிறேன், ஆனால் 15 ஜிபி இலவச இடத்தில் ஜிமெயிலுக்கும் பங்கு உண்டு. கணினியோடு ஒத்திசைத்து வைத்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, ஃபார்மட் செய்து மறுபடி முயலச் சொன்னார். திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுதினேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். 26ஆம் நாள் 1,899 ரூபாய் திரும்பி வந்தது. அன்றிரவே அந்தத் தளத்தில் தேடினேன். அதே பெட்டி, அதே படம், வேறு பெயர். இப்போது 32 டெராபைட், 2,099 ரூபாய்.