ஒகேனக்கல் பரிசல்: ஓட்டுகிறவருக்கு முழு மார்க், ஏற்பாட்டுக்கு இல்லை

தருமபுரி பக்கம் குடியிருந்தால், வெளியூர்ச் சொந்தக்காரர் யார் வந்தாலும் ஒகேனக்கலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பும் கூடவே வந்துவிடும். பாப்பாரப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நானும் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அருவியைப் பற்றியும், எண்ணெய் மசாஜைப் பற்றியும், மீன் வறுவலைப் பற்றியும் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் பரிசல் சவாரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பது அதைத்தான். மனசு கசந்து திரும்புவதும் பெரும்பாலும் அதனால்தான்.

பரிசலில் கண்டிப்பாகப் போங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டுகிறவர்களின் திறமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து பரிசலில் ஏறுகிற வரைக்கும் இருக்கிற ஏற்பாட்டில்தான். அந்தக் கோளாறு கரையோடு நிற்காமல் நம்மோடு பரிசல் ஏறி, நடு ஆற்றில் நமக்கும் ஓட்டுகிறவருக்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த முறை காலாண்டு லீவுக்கு என் நாத்தனார் குடும்பம் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவர்கள் நாலு பேர், நாங்கள் நாலு பேர், கூட என் மாமியார். பென்னாகரம் தாண்டி, மடம் செக்போஸ்ட் தாண்டி, மலை இறக்கம் முடிந்து வண்டியை நிறுத்தினோம். கதவைத் திறக்கும் முன்பே கண்ணாடியைத் தட்டினார்கள். "பரிசல் வேணுமா சார், கவுண்டர்ல கூட்டம், நான் நேரா இறக்கி விடறேன்." ஒன்பது பேர் என்றதும் அந்த ஆள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரே பரிசல்ல போயிரலாம், மேல ஏதாவது போட்டுக் குடுங்க" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பரிசலுக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருப்பது சும்மா இல்லை. விளிம்பு தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பரிசல் கவிழ்ந்த செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, கவுண்டருக்கு நீங்களே நடந்து போய் ரசீது வாங்குங்கள். கட்டணம் பரிசலுக்குத்தான், தலைக்கு இல்லை. குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். போட்டுக்கொள்ளாமல் ஏறக்கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் கைக்கு வந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. முந்தைய சவாரியின் ஈரம் காயாமல் நாற்றம். ஒன்றில் பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கயிறு முடிச்சு. நாத்தனாரின் சின்ன மகளுக்கு ஏழு வயது. அவளுக்குக் கொடுத்ததும் பெரியவர்கள் அளவுதான். போட்டுவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவி கீழே போய்விடும். நீங்களும் இதே மாதிரி தூக்கிப் பாருங்கள். தாடையைத் தாண்டி மேலே வந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். வேறு கேட்டேன், குவியலில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டால் இருக்கிறது. கேட்காதவர்களின் பிள்ளைகள் பெரிய ஜாக்கெட்டிலேயே போகின்றன. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தை அளவு ஜாக்கெட்டுகளைத் தனியாக ஒரு கம்பியில் மாட்டி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இனி பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பைச் சுற்றிக் கட்டி, அடியில் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். முன்பெல்லாம் தோல் போர்த்தினார்களாம். அடிப்பக்கம் தட்டை என்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறை மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கட்டைப் படகு அங்கே ஒரு நிமிடம் தாங்காது. வட்டமாக இருப்பதால் முன் எது, பின் எது என்றே கிடையாது. துடுப்பு ஒன்றுதான். ஒரு பக்கமாகவே போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் ஓட்டுகிறவர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, தனக்கு முன்னால் துடுப்பை இறக்கி, இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். ஒன்பது பேரும் பிரிந்து ஏறினோம். நான் இருந்த பரிசலை ஓட்டிய தம்பி ஊட்டமலைக்காரர். மணிக்கட்டு திரும்புவது மட்டும்தான் தெரிகிறது, தோள் ஆடவே இல்லை. எங்கே நீரோட்டம் பரிசலை இழுக்கும், எங்கே பாறைக்குப் பின்னால் தண்ணீர் நின்று சுழலும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓரிடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஆற்றின் போக்கிலேயே விட்டார். பரிசல் தானாகவே ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு அமைதியான பக்கம் வந்து நின்றது.

நடுவில் பாறை குறுக்கிட்டு, எல்லாரும் இறங்கி நடக்க வேண்டிய இடம் வரும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழுக்குப் பாறை, மேடு பள்ளம், வெயிலில் சூடு. யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். என் மாமியாரை அந்தத் தம்பிதான் "ஆயா, கையக் குடுங்க, இங்க பாத்து கால வைங்க" என்று மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார். பிறகு பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் இருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கூடைக்கு இரண்டு கால் முளைத்து நடக்கிற மாதிரி இருந்தது. நனைந்த பரிசல் கனம் தெரியுமா? என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

நாத்தனார் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நெல் விவசாயி. அவருக்கு அருவியை விட வேறொன்று முக்கியமாகப் பட்டது. "தம்பி, பிலிகுண்டுலு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வருஷம் முழுக்க டிவியில் "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை கன அடி" என்று கேட்டு, அந்த எண்ணை வைத்து நாற்று விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் அவர். "மேல அந்தப் பக்கம் போகணும், கிருஷ்ணகிரி மாவட்டத்துல வரும்" என்று தம்பி துடுப்பால் காட்டினார். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவது அங்கேதான். மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் அந்த இடத்துக் கணக்குதான். இங்கே ஓடுகிற தண்ணீர் மேட்டூர் அணையில் சேர்கிறது, பாசனத்துக்கு அதைத் திறக்கிற ஜூன் 12-ஐ எதிர்பார்த்து டெல்டா காத்திருக்கிறது. அண்ணன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பரிசல்காரத் தம்பிக்கும் அந்த எண்தான் படி அளக்கிறது. ஏறினால் துறையை மூடிவிடுவார்கள், வேலை இல்லை. ரொம்ப இறங்கினால் பாறை தலைகாட்டும், தூக்கிச் சுமக்கிற தூரம் கூடும். அண்ணனும் அவரும் கன அடிக் கணக்கு பேசிக்கொண்டே வந்தார்கள்.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து, ஆறு குறுகுகிற இடத்துக்கு வந்தோம். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சாரல் முகத்தில் அடிக்கிறது. "சுத்தலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிசலைச் சுழற்றினார். கேட்காமலே சுழற்றி, வயதானவர்களுக்குத் தலை சுற்றி வாந்தி எடுக்க வைத்த ஓட்டிகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தம்பியின் அந்த ஒரு கேள்வியைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

எல்லாம் இவ்வளவு நன்றாகப் போனபோதுதான் மணல்திட்டு அருகே அது வந்தது. துடுப்பு நின்றது. "அக்கா, இதோட திரும்பறதுதான் டிக்கெட்டு. இன்னும் உள்ள போகணும்னா தனியா பாத்துக் குடுங்க." கவுண்டரில் யாரும் எங்கே வரை என்று சொல்லவில்லை. ரசீதிலும் இல்லை. நடு ஆற்றில், குழந்தைகளும் வயதானவரும் உட்கார்ந்திருக்க, யார் பேரம் பேசுவார்கள்? கேட்டதைக் கொடுக்கத்தான் தோன்றும். கொடுத்தவருக்கு ஏமாந்த கசப்பு, வாங்கியவருக்குக் கூச்சம். அவர் நம் கண்ணைப் பார்க்காமல்தான் கேட்டார்.

கொடுத்தோம். கரைக்குத் திரும்பும்போது நான் நேராகவே கேட்டேன். "டிக்கெட்டு காசு மொத்தமும் என் கைக்கு வராதுக்கா" என்றார். "வெள்ளம் வந்தா வாரக்கணக்குல துறை மூடிடும். அப்ப மீன் பிடிக்கவும் எறங்க முடியாது. லீவு நாள்ல சம்பாதிக்கறதுதான். பரிசலு கிழிஞ்சா நாங்கதான் போடணும்." இதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2018-லும் 2022-லும் ஒகேனக்கலில் நீர்வரத்து லட்சம் கன அடிக்கு மேல் போனது நமக்குச் செய்தி, வேடிக்கை. அவர் வீட்டில் அடுப்பு என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை.

அதனால் பரிசல்காரர்களை "காசு பிடுங்கிகள்" என்று திட்டி எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. துறைக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எங்கே ஏறுவது, எந்தெந்த இடம் வரை, எவ்வளவு நேரம், எங்கே இறங்கி நடக்க வேண்டும், ஓட்டுகிறவருக்கு அதில் எவ்வளவு போகிறது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டணம் கூட வேண்டுமென்றால் அதையும் கவுண்டரிலேயே வாங்கட்டும். கொடுக்க நாங்கள் தயார். தண்ணீர் நடுவில் கேட்பதுதான் வேண்டாம்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் காலைச் செய்தியில் நீர்வரத்தையும், பரிசலுக்குத் தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கர்நாடகத்தில் கபினியோ கிருஷ்ணராஜ சாகரோ திறந்தால் இங்கே நம் தலைமேல் வெயில் அடித்தாலும் ஆறு பொங்கும். பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள், வெயிலில் தார் இளகிச் சேலையில் ஒட்டினால் போகாது. செல்ஃபி எடுக்க எழுந்திருக்காதீர்கள், ஒருவர் எழுந்தால் எல்லார் எடையும் சாயும். பரிசலிலேயே சிப்ஸும் கூல்டிரிங்க்ஸும் விற்றுக்கொண்டு பக்கத்தில் வருவார்கள். வாங்கினால் காலிப் பாட்டிலைக் கரைக்குக் கொண்டு வாருங்கள், கீழே அந்தத் தண்ணீரைத்தான் நம் ஊர்கள் குடிக்கின்றன. புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரால் பல் கறுத்துப்போன பிள்ளைகள் இருந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் எங்கள் தெருக்குழாயில் காவிரி வருகிறது.

கைக்குழந்தையோ, நடக்க முடியாதவர்களோ கூட இருந்தால் ஒகேனக்கலில் பரிசலைத் தவிர்த்துவிட்டுக் கரையிலேயே இருக்கலாம். சும்மா தண்ணீரில் மிதந்தால் போதும் என்பவர்களுக்கு கிருஷ்ணகிரி அவதானப்பட்டி ஏரியில் படகு இருக்கிறது, பாறையும் இல்லை, இழுப்பும் இல்லை.

மீனைப் பற்றிக் கேட்காதீர்கள், புரட்டாசி என்பதால் நாங்கள் தொடவில்லை. ஓட்டுகிறவருக்கு ஐந்துக்கு ஐந்து. ஜாக்கெட்டுக்கு ஒன்று. டிக்கெட் முறைக்கு ஒன்றரை. பலகை வைக்கச் சொல்லியும், குழந்தை ஜாக்கெட் கேட்டும் மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை தருமபுரி குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி நடந்தவர்கள் ரசீது வைத்திருந்தால், நீங்களும் அதன் ஜெராக்ஸோடு ஒரு மனு கொடுங்கள்.