பிமினி கூரை: துணியோடு நூலையும் பாருங்கள்

மயாமியை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவில் திறந்த படகு ஓட்டுவோருக்கு நிழல் இல்லாமல் முடியாது. எங்கள் சிறிய படகில் இருப்பது சன்பிரெல்லா துணியில் தைத்த பிமினி கூரை. வளைந்த குழாய்ச் சட்டத்தின்மேல் விரித்துக் கட்டி, வேண்டாதபோது பின்பக்கம் மடக்கி வைத்துக்கொள்ளலாம். சில கோடைகளைப் பார்த்துவிட்ட கூரை என்பதால், அதைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கிளென் ரேவன் நிறுவனத்தார் 1961 முதல் தயாரித்துவரும் இந்த அக்ரிலிக் துணியில், இழையாக இழுப்பதற்கு முன்பே குழம்பில் நிறமியைக் கலந்துவிடுவதால், சாயம் மேலோடு நிற்காமல் இழையின் உள்வரை ஊறியிருக்கிறது. எங்கள் நீலக் கூரையில், உள்மடிப்பில் வெயிலே படாத பகுதியை வெளிப்பகுதியோடு சேர்த்துப் பிடித்தாலும் நிற வேறுபாட்டைத் தேடித்தான் காண வேண்டும். பூஞ்சை பிடித்தால் பிளீச் கலந்த சோப்பு நீரில் கழுவ முடிவதும் இதனால்தான். ஆனால் பிறகு நன்றாக அலசிவிட வேண்டும்.

பெருமழைக்கு இதை நம்ப வேண்டாம். நெய்த துணியாதலால் காற்றை விடும், தூறலை உருட்டிவிடும். தொய்ந்து நீர் தேங்கினால் தையல் துளைகளின் வழியே சொட்டும். நீர்விலக்குப் பூச்சையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வினைல் பூசிய துணி ஒழுகாது என்றாலும் அதன் கீழே புழுக்கம் தாங்காது.

உண்மையான குறை தையலில் இருந்தது. கூரையைத் தைத்துத் தந்த கடையினர் (பெயர் வேண்டாம்) பாலியெஸ்டர் நூலைப் பயன்படுத்தியிருந்தார்கள். துணி புதிதுபோலவே இருக்க, மேற்புறத் தையலை நகத்தால் நெருடினால் நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முன்குழாயைப் பொதிந்திருக்கும் உறையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்தே விட்டது. துணிக்கு உற்பத்தியாளர் தரும் 10 ஆண்டு உத்தரவாதம் தையற்கூலியை ஈடுசெய்யாது. மறுதையலுக்கு வெயிலில் நையாத பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூலைக் கேட்டு வாங்கினேன். விலை மிக அதிகம்தான். ஆனால் ஒரு கூரைக்கு ஆகும் நூல் கொஞ்சம், கூலிதான் பெரிது. ஆகவே விலை கேட்கும்போதே எந்த நூல் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு, உப்புநீரில் ஓடும் படகென்றால் 316 ரகத் துருவேறா எஃகுதான் சரி. 304 ரகத்தில் பழுப்புக் கறை விரைவில் படியும். ஏரியில் மட்டும் ஓட்டுவோருக்கு அலுமினியமே போதும். கூரையை விரித்தபடியே படகை நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்வோரை இங்கே அடிக்கடி காண்கிறேன். அந்தக் காற்று வேகத்துக்கு எந்தச் சட்டமும் தாங்காது, மடக்கி உறையிட்டுக் கட்டிவிட்டே கிளம்ப வேண்டும்.