தீவனத்தில் கலப்பதா, தண்ணீரில் விடுவதா? மலைக் கொட்டகைக்கு எந்தப் புரோபயாடிக்

ஐப்பசி, கார்த்திகையில் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு எடையைவிடப் பெரிய தலைவலி தரையில் பரப்பிய உமிக் கூளம்தான். மூடுபனிக்குப் படுதாவை இறக்கினால் ஈரம் உள்ளேயே நிற்கும்; ஏற்றினால் குஞ்சுகள் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். எச்சம் இளகாமல் இருக்கப் புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்) கொடுக்கலாம் என்று முடிவு செய்தபின் வரும் கேள்வி: அதில் பேசில்லஸ் வகையைத் தீவனத்தில் கலப்பதா, லாக்டோபேசில்லஸ் வகையைத் தண்ணீரில் விடுவதா? எங்கள் கொட்டகையில் ஓடுவது தீவன வழி.

பேசில்லஸ் கெட்டி உறைக்குள் உறங்கும் வித்து வடிவில் இருப்பதால், தீவனத்தைக் குருணையாக்கும் பெல்லட் ஆலையின் 80 டிகிரி நீராவியையும் பெரும்பாலும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டில் செத்துவிடும். விலை வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை.

தீர்மானிப்பது நிப்பிள் குழாய், அதாவது கோழி ஊசியைக் கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய். தண்ணீரில் விடுவதென்றால் நுண்ணுயிரைக் கொல்லும் குளோரினை முந்தின நாளே நிறுத்த வேண்டும், அல்லது லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து அதை முறிக்க வேண்டும். அந்தப் பால் குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படியும். குளிரில் கோழி குறைவாகக் குடிப்பதால் குழாயில் ஓட்டமும் மந்தம், படிவு இன்னும் தடிக்கும். பிறகு நிப்பிள் ஊசி முழுதாக மூடாமல் சொட்டத் தொடங்கும். காலையில் வரிசைக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குக் கூளம் அடை தட்டிக் கிடக்கும். கூளம் காயட்டும் என்று கொடுத்த மருந்தே கூளத்தை நனைத்த கதை! மருந்துத் தண்ணீர் தீர்ந்ததும் குழாயை அழுத்தத்தோடு அலசிவிட வேண்டும். வாரம் முழுக்க அதைத் தவறாமல் செய்ய ஆள் இருந்தால் இந்த வழியும் ஓடும்.

தீவனத்தில் கலப்பது எளிது, ஆனால் அள்ளிப் போட்டால் ஆகாது. டன்னுக்கு 500 கிராம் என்றால் முதலில் 5 கிலோ மக்காச்சோள மாவில் கலக்கி, அதை 50 கிலோவில் கலக்கி, அப்புறம்தான் மிக்சரில் கொட்ட வேண்டும். பாக்கெட்டில் கிராமுக்கு 100 கோடி உயிருள்ள நுண்ணுயிர் என்று இருந்தால், ஒரு கிராம் தீவனத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். பொருளுக்குப் பொருள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெல்லட் மேல் பொடியைத் தூவுவது வீண், அது தட்டின் அடியில் தங்கிவிடும். கம்பெனித் தீவனம் வாங்குபவர்கள் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று மூட்டைச் சீட்டைப் பார்க்கட்டும்.

தண்ணீர் வழிக்கு ஒரு இடம் உண்டு: குஞ்சு இறங்கிய முதல் சில நாள், அல்லது ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்தபின் மூன்று நாள். எடை கூடும் என்ற விளம்பரத்தை நம்பி எதையும் வாங்க வேண்டாம், அது பண்ணைக்குப் பண்ணை மாறும். ரத்தக் கழிச்சலுக்கும் (காக்சிடியோசிஸ்) புரோபயாடிக் மாற்று மருந்தில்லை.

எதைக் கொடுத்தாலும் கூளத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்துத் திறந்ததும் லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கிளறிவிட்டு, படுதாவின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்து வையுங்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழி இங்கே ஏற்கெனவே அதிகம். அதன்மேல் அம்மோனியாவும் சேர்ந்தால் தாங்காது. கோழி உள்ளே இருக்கையில் ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவாதீர்கள். கூளத்தில் காரத்தன்மை ஏற ஏற அம்மோனியா கூடுதலாகக் கிளம்பும். அடை தட்டியதை வாரி எடுத்துவிட்டுப் புது உமி போடுவதே நல்லது.